மழையில் தள்ளிப்போன ஆட்டம்

ஜூன் பிறந்ததிலிருந்து நாரைகள் தோற்றுக்கொண்டே இருந்தார்கள்.

மே மாதம் முழுக்க அவர்களைத் தொட ஆளில்லை. ஏரிக்கரை ஊர்களின் பேஸ்பால் அணிகள் அத்தனையிலும் போர்ட் ஹால்டன் நாரைகளுக்குத்தான் முதலிடம். பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பெரிய நகரத்து அணிக்காரர்கள் தொலைபேசியில் கூப்பிட்டு, பந்தெறிகிற வைட்டேக்கரைத் தங்களோடு அழைத்துக்கொண்டார்கள். சின்ன அணியின் தலையெழுத்து அது. நன்றாக ஆடுகிற பிள்ளை யாரும் அங்கே தங்கமாட்டான். வைட்டேக்கர் போன அன்று மாலையே நாரைகள் படுதோல்வி அடைந்தார்கள். மறுநாளும் தோற்றார்கள். அதற்கப்புறம், தோற்பதற்குப் புதுப்புது வழிகளைக் கண்டுபிடிக்க ஆரம்பித்தார்கள்.

பெர்னடீன் ஷிமான்ஸ்கிக்கு ஒவ்வொரு தோல்வியும் உடம்பில் தெரிந்தது. அறுபத்தெட்டு வயதுக்காரி. வீட்டின் பின்பக்கம் கொசுவலை அடித்த சின்ன அறை ஒன்று உண்டு. ஆட்ட நேரம் வந்தால் அங்கே ரேடியோ முன்னால் உட்கார்ந்துவிடுவாள். ஹாஸ்கின்ஸ் மட்டையைத் தூக்கிக்கொண்டு வருகிறான் என்று ரேடியோக்காரர் சொன்னால் அவள் தோள்பட்டை தானாக இறுகும். மே மாதத்தில் பந்தை வேலிக்கு அப்பால் ஏரிக் காற்றில் அனுப்பிக்கொண்டிருந்த அதே ஹாஸ்கின்ஸ், இப்போது வெறும் காற்றை வெட்டிவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டுத் திரும்புகிறான். ரோமுலோ என்று ஒரு வெனிசுவேலாக்காரன், இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் நடுவே நிற்பவன். கைக்கு வரும் பந்தைப் பூப்போலப் பிடிப்பான். பிடித்து, முதல் தளத்தில் நிற்கிறவனை விட்டுவிட்டு, பின்னால் உட்கார்ந்து கடலை கொறிக்கிறவர்களுக்கு எறிவான்.

"பொண்டாட்டியோட சண்டையோ என்னவோ அவனுக்கு" என்றான் லூஷன்.

"அவனுக்குக் கல்யாணமே ஆகலை."

"அப்ப அதான் காரணம்."

"வாயை மூடிக்கிட்டு கேளுடா."

லூஷன் அவள் தம்பி. இரும்பு வார்ப்புப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மனைவி, மக்கள் என்று யாரும் கிடையாது. பெர்னடீனின் கணவன் ரே, இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் செத்துப்போனான். துக்கத்துக்கு ஒரு கைப்பெட்டியோடு வந்த லூஷன் அப்படியே தங்கிவிட்டான். அவன் வந்த புதிதில் அவள் பேசுவதையே ஏறக்குறைய நிறுத்தியிருந்தாள். ஆமாம், இல்லை, வேண்டாம். அவ்வளவுதான். ஏப்ரலில் ஆட்டம் தொடங்கிய அன்று அவன் சமையலறையில் நின்று உருளைக்கிழங்கு துருவிக்கொண்டிருந்தான். பின்னறையிலிருந்து, "அந்த நடுவருக்கு ரெண்டு கண்ணும் அவிஞ்சு போச்சு" என்று ஒரு குரல் வந்தது. கையிலிருந்த கிழங்கைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றான் லூஷன். பல மாதங்களுக்குப் பிறகு அவள் சொன்ன முதல் முழு வாக்கியம் அது.

சொல்லப்போனால் லூஷனுக்கு ஆட்டத்தில் பெரிய பற்று ஒன்றும் கிடையாது. அன்றைக்கு அப்புறம்தான் தினமும் அவள் பக்கத்தில் போய் உட்கார ஆரம்பித்தான்.

அவனுக்குச் சர்க்கரை வியாதி. அது முற்றி, பாதம் இரண்டிலும் உணர்ச்சி போய்விட்டது. ஆணி குத்தினாலும் தெரியாது. ஆஸ்பத்திரியில் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்: தினமும் பாதத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்க வேண்டும், சின்னக் கொப்புளம் கண்டாலும் ஓடி வர வேண்டும். குனிந்து பார்க்க அவனுக்கு வயிறு இடம் கொடுக்காது. அதனால் ஆட்டம் முடிந்ததும் பெர்னடீன்தான் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, அவன் காலை மடியில் தூக்கி வைத்து, விரல் இடுக்கு முதற்கொண்டு பார்ப்பாள். "நகத்தை வெட்டுடா, பருந்து மாதிரி வளத்து வச்சிருக்க" என்று திட்டிக்கொண்டே பார்ப்பாள். ஒரு நாள் தவறியது கிடையாது.

அந்த ஊரில் ஒரு வழக்கம். அணி தோற்கும்போது எல்லாவற்றையும் மாற்றிப் பார்க்க வேண்டும். ஜெயிக்கும்போது எதையும் மாற்றக் கூடாது. ஆடுகிறவர்களே அப்படித்தான், ஜெயித்த அன்று போட்டிருந்த பனியனைத் துவைக்க விடமாட்டார்கள். பார்க்கிறவர்கள் அவர்களைவிட மோசம். ஜூன் பாதி தாண்டுவதற்குள் இறைச்சிக்கடைக்காரர் பத்து வருஷத் தாடியை மழித்துவிட்டார். அடுத்த வீட்டு ஆர்வில் டீக், தபால்காரராக இருந்தவர், தொப்பியை உள்புறம் வெளியே வருமாறு திருப்பிப் போட்டுக்கொண்டு திரிந்தார். பெர்னடீன் நாற்காலிகளை இடம் மாற்றினாள். ரேடியோவை ஜன்னல் பக்கம் வைத்தாள், பிறகு தரையில் வைத்தாள். லூஷனை ஒரு நாள் நின்றுகொண்டு கேட்கச் சொன்னாள்.

"முட்டி வலிக்குது பெர்னி."

"இன்னும் ரெண்டு பேர் அவுட் ஆகணும். பொறு."

"நம்ம ஆளா, அவங்க ஆளா?"

அவள் சிரிக்கவில்லை. அன்றும் தோற்றார்கள்.

வேலிக்கு மேலே ஆர்வில் எட்டிப் பார்த்தார். "பெர்னடீன், கேள்விப்பட்டீங்களா? நேத்து மைதானத்துக்குள்ள நிஜ நாரை ஒண்ணு வந்து இறங்குச்சாம். ஆட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துட்டு, பேரை மாத்திக்கிட்டுப் போயிடுச்சாம்."

"உங்க தொப்பியாலதான் இவ்வளவும். பார்க்கவே சகிக்கலை."

"தொப்பியைக் கழட்டினா மண்டை தெரியுமே. அது இன்னும் மோசம்."

ஜூன் கடைசியில் நாரைகள் பட்டியலில் அடியிலிருந்து இரண்டாவது. பெர்னடீன் மறுபடியும் ஆமாம், இல்லை, வேண்டாம் என்று சுருங்க ஆரம்பித்திருந்தாள். சாப்பாட்டைத் தட்டில் தள்ளித் தள்ளி வைத்தாள். லூஷன் அதைப் பார்த்தான்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு வியாழக்கிழமை, துணி துவைக்கிற இயந்திரம் கோளாறாகி, லூஷனுக்குக் காலுறை கிடைக்காமல் போயிற்று. வலது காலுக்கு ஒரு கறுப்புக் காலுறை அகப்பட்டது. இடது காலுக்கு எதுவும் இல்லை. அலமாரியின் அடியில் துழாவியதில் ரே வேட்டைக்குப் போகும்போது போடுகிற கம்பளிக் காலுறை ஒன்று, ஒற்றையாக, கைக்கு வந்தது. கண்ணைக் குத்துகிற ஆரஞ்சு நிறம். குதிகாலில் ஓட்டை விழுந்து, பெர்னடீன் தடித்த நூலால் தைத்திருந்தாள். அதை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

"கோமாளி" என்றாள் பெர்னடீன்.

அன்று கடைசி இன்னிங்ஸில், இரண்டு பேர் அவுட் ஆன பிறகு, ஹாஸ்கின்ஸ் பந்தை வேலிக்கு வெளியே அடித்தான். ரேடியோக்காரர் பேச்சை நிறுத்திவிட்டார். கூட்டத்தின் இரைச்சல் மட்டும் கேட்டது. பெர்னடீன் எழுந்து நின்றாள். பிறகு உட்கார்ந்தாள். பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பித் தம்பியின் இடது காலைப் பார்த்தாள்.

"அதைக் கழட்டாதே" என்றாள்.

வெள்ளிக்கிழமையும் ஜெயித்தார்கள். சனிக்கிழமையும் ஜெயித்தார்கள். ரோமுலோவின் கை சரியாகிவிட்டது. எறிகிற பந்தெல்லாம் முதல் தளத்தில் நிற்பவன் கையில் நூல் பிடித்த மாதிரி போய் விழுந்தது. வைட்டேக்கர் இருந்த இடத்துக்கு ஷிப்லி என்று ஒரு கிழட்டு ஆட்டக்காரனை அழைத்து வந்திருந்தார்கள். பெரிய அணிகளெல்லாம் சுற்றிவிட்டு, இனி உதவாது என்று கைவிடப்பட்டவன். அவன் வேகமாக எறிவதில்லை. ஆனால் எங்கே எறியமாட்டான் என்று எதிராளி நினைக்கிறானோ அங்கேயே எறிந்தான்.

பெர்னடீன் ஷிப்லியைப் பற்றி அதிகம் யோசிக்கவில்லை. அவள் காலுறையைப் பற்றி யோசித்தாள்.

முதலில் ஆட்ட நேரத்தில் மட்டும்தான் போட்டிருக்க வேண்டும் என்று ஏற்பாடு. நான்காவதோ ஐந்தாவதோ நாள், லூஷன் குளித்துவிட்டுத் திரும்ப மாட்டிக்கொண்டு வந்தான். அன்று நாரைகள் முன்னணியைப் பறிகொடுத்து, ஆட்டம் கூடுதல் இன்னிங்ஸுக்கு இழுத்து, தோற்க வேண்டியது மயிரிழையில் தப்பியது. ஆட்டம் முடிந்தபோது பெர்னடீனுக்கு முகம் வெளுத்திருந்தது.

"கழட்டினியா?"

"குளிக்கும்போது கழட்டாம?"

"இனிமே கழட்டாதே லூ. கொஞ்ச நாளைக்கு."

"அப்ப குளிக்கறது?"

அவள் எழுந்து போய், ரொட்டி வந்த பிளாஸ்டிக் பை ஒன்றை எடுத்துவந்து நீட்டினாள். அவன் அதைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டார்கள். அவள் அடக்க முடியாமல், கண்ணில் நீர் வர, மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ரே போன பிறகு அவள் அப்படிச் சிரித்து அவன் பார்த்ததில்லை. அன்றிலிருந்து இடது காலைத் தொட்டிக்கு வெளியே தொங்கவிட்டு, அதில் ரொட்டிப் பையைக் கட்டிக்கொண்டு குளித்தான் லூஷன். ராத்திரி காலுறையோடேயே படுத்தான்.

பாதம் பார்க்கிற நேரம் வந்தால் அவள் வலது காலை மட்டும் மடியில் வைத்துப் பார்த்தாள். முதல் இரவு, இடது காலின் மேல் கையை வைத்து, காலுறைக்கு மேலாகவே தடவிப் பார்த்து, "எல்லாம் சரியாத்தான் இருக்கும்" என்றாள். அதற்கப்புறம் தடவிப் பார்ப்பதும் நின்றுவிட்டது.

ஜூலையின் வெயில். நாரைகள் ஜெயித்தார்கள், ஜெயித்தார்கள், ஒரு நாள் தோற்றார்கள், அன்று ஆர்வில் தெரியாமல் தொப்பியைச் சரியாகப் போட்டுவிட்டார் என்று பழி அவர்மேல் போயிற்று, மறுபடி ஜெயித்தார்கள். பெர்னடீன் காலையில் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு முட்டை பொரித்தாள். கடைக்குப் போனால் நின்று பேசினாள். ஏரி மீனை மாவில் தோய்த்துப் பொரித்து ஆர்வில் வீட்டுக்கும் கொடுத்தனுப்பினாள். லூஷன் அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டு படுக்கையில் கொஞ்ச நேரம் அதிகமாகக் கிடப்பான்.

இரண்டாவது வாரம் ஆர்வில் ஆட்டம் கேட்க வந்தவர் மூக்கைச் சுளித்தார். "என்ன இது, ஜன்னலுக்குக் கீழே எலி கிலி செத்துக் கிடக்கா?"

"காலுறை" என்றான் லூஷன், ராஜா மாதிரி காலை நீட்டிக்கொண்டு.

"தெய்வமே. அதை மைதானத்துக்கு எடுத்துட்டுப் போ. எதிர் அணி தானா ஓடிடும்."

"துவைச்சா சக்தி போயிடும்" என்றாள் பெர்னடீன்.

"சக்தி இருக்கு, நான் இல்லேன்னு சொல்லலை. தெரு முனை வரைக்கும் இருக்கு."

மூன்று பேரும் சிரித்தார்கள். ரேடியோவில் ஷிப்லி இன்னொருவனை அவுட்டாக்கினான்.

ஜூலையின் நடுவில் ஒரு சனிக்கிழமை. நாரைகள் முதலிடத்துக்கு ஒரு படி கீழே வந்துவிட்டார்கள். முதலிடத்தில் இருந்தது வெல்ஸ்பர்க் அணி. ஞாயிற்றுக்கிழமை அதே வெல்ஸ்பர்க்கோடு ஆட்டம். ஊரே அதைத்தான் பேசிக்கொண்டிருந்தது.

சனி மாலை ஆட்டம் முடிந்ததும் பெர்னடீன் தரையிலிருந்த சாப்பாட்டுத் தட்டை எடுக்கக் குனிந்தாள். லூஷனின் இடது குதிகால் அவள் முகத்துக்கு நேரே இருந்தது. ஆரஞ்சுக் கம்பளியில், அவள் தைத்த இடத்தைச் சுற்றி, உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாக ஒரு கறை. ஓரம் மஞ்சள் பூத்திருந்தது. அது ஈரமாக இருந்தது.

காப்பி சிந்தியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். காப்பி இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. தட்டைப் பிடித்த கை அப்படியே நின்றது. நாளைக்கு ஒரு ஆட்டம், அது ஒன்று மட்டும் போகட்டும், முடிந்த நிமிஷமே நானே கழட்டிப் பார்க்கிறேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"பல் விளக்கிட்டுப் படு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஏரியின் மேல் வானம் இருண்டது. ஆட்டம் ஆரம்பிக்க வேண்டிய நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. ரேடியோக்காரர் பழைய கதைகளைச் சொல்லி நேரம் கடத்தினார். மைதானத்தின் மேல் தார்ப்பாயைப் போர்த்திவிட்டார்கள் என்றார். ஓரங்களில் தண்ணீர் குளமாகிவிட்டது என்றார். பெர்னடீன் கொசுவலையில் முகத்தை வைத்து வானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மாலையில் ஆட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டார்கள். திங்கட்கிழமை ஏற்கெனவே ஒரு ஆட்டம் இருந்தது. அதோடு சேர்த்து ஒரே நாளில் இரண்டு.

"ரெண்டா" என்றான் லூஷன். மழைக்குளிர் என்று சொல்லி ஒரு போர்வையை இழுத்துப் போர்த்தியிருந்தான். அது ஜூலை மாதம்.

"ரெண்டுதான். ரெண்டும் ஜெயிச்சா முதலிடம்."

"சரி."

"உனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

அவன் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "ஒண்ணும் இல்லை" என்றான்.

அவள் அவன் நெற்றியில் கை வைத்துப் பார்க்கவில்லை. வைத்தால் தெரிந்துவிடும்.

திங்கட்கிழமை முதல் ஆட்டத்தை நாரைகள் ஜெயித்தார்கள். ஷிப்லி வெல்ஸ்பர்க்காரர்களை ஒரு ஓட்டம்கூட எடுக்கவிடவில்லை. வேலிக்கு அந்தப்புறம் ஆர்வில் பாத்திரத்தைக் கரண்டியால் தட்டினார். இரண்டு ஆட்டத்துக்கும் நடுவே இடைவேளை விட்டார்கள். பெர்னடீன் தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். அவன் உதடு நீலம் பாரித்திருந்தது. பல் கட கட என்று அடித்துக்கொண்டது.

"லூ."

"ஸ்டெஃபானியா அத்தை வந்திருக்காங்களா?" என்று கேட்டான் லூஷன். அந்த அத்தை செத்து நெடுங்காலம் ஆகிறது. எழுந்திருக்கப் பார்த்து, நாற்காலியோடு சரிந்தான்.

ஆர்வில்தான் காரை எடுத்தார். ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒருத்தி கத்தரிக்கோலால் காலுறையைக் கணுக்காலிலிருந்து நீளவாக்கில் வெட்டினாள். கம்பளி தோலோடு ஒட்டியிருந்தது. பெர்னடீன் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. திருப்பிக்கொள்ளத் தனக்கு உரிமை கிடையாது என்று நினைத்தாள். குதிகாலில், தையல் முடிச்சு அழுத்திய இடத்தில், புண் எலும்பு வரை போயிருந்தது. அதைச் சுற்றிப் பாதம் பாதிக்கு மேல் கறுத்துவிட்டது. அங்கிருந்து சிவப்புக் கோடுகள் முட்டியை நோக்கி ஏறியிருந்தன. நர்ஸ் அந்தத் துணியை இடுக்கியால் எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டாள்.

டாக்டர் ஹோல்கேட் சின்ன உருவப் பெண். கையுறையைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்தார்.

"இவரோட பாதத்தை யாரு பார்த்துக்கறது?"

"நான்தான்" என்றாள் பெர்னடீன்.

"இதைக் கழட்டி எத்தனை நாளாச்சு?"

"ரெண்டு வாரத்துக்கு மேல."

"ரெண்டு வாரமா? எதுக்காக?"

பெர்னடீனுக்குப் பின்னால் நின்ற ஆர்வில் தொப்பியைக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி சொன்னார்: "நாரைங்க ஜெயிச்சுக்கிட்டு இருந்தாங்க, டாக்டர்."

டாக்டர் அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர். மேற்கொண்டு அதைப் பற்றிக் கேட்கவில்லை. அது பெர்னடீனுக்குத் திட்டு வாங்கியதைவிட மோசமாக இருந்தது.

"சனிக்கிழமை வந்திருந்தா பாதத்தை எடுத்ததோட முடிஞ்சிருக்கும். ஒருவேளை பாதத்தைக்கூட காப்பாத்தியிருக்கலாம். இப்ப முட்டிக்குக் கீழே எடுத்தாகணும். இப்பவே எடுக்கணும். இல்லேன்னா ஆள் இல்லை" என்றார் டாக்டர்.

சனிக்கிழமை என்று அவர் ஏன் சொன்னார்? ஏதோ ஒரு நாளைச் சொல்ல வேண்டும் என்று சொல்லியிருப்பார். பெர்னடீன் பெஞ்சில் உட்கார்ந்தாள். லூஷனைத் தள்ளுவண்டியில் கொண்டுபோனபோது அவன் கண்ணைத் திறந்து, "ரெண்டாவது என்னாச்சு?" என்று கேட்டான். தெரியாது என்று அவள் தலையாட்டினாள். கதவு மூடிக்கொண்டது.

வாசலில் காவலுக்கு இருந்த ஆள் மேஜையடியில் சின்ன ரேடியோ வைத்திருந்தான். பிறகு அவனே சந்தோஷமாக வந்து சொன்னான்: "ரெண்டும் நம்மதும்மா. முதலிடம்."

அவள் அந்த நேரத்தைக் கணக்குப் பார்த்தாள். இரண்டாவது ஆட்டத்தின் முதல் பந்தை எறிவதற்கு முன்பே காலுறை குப்பைத் தொட்டிக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகும் ஹாஸ்கின்ஸ் அடித்திருக்கிறான். ரோமுலோ பிடித்திருக்கிறான். அவர்களுக்கு அவளையும் தெரியாது, லூஷனையும் தெரியாது.

"அந்தக் கிழவன் ஷிப்லிதான்" என்றார் ஆர்வில், அவள் பக்கத்தில் உட்கார்ந்து. சொல்லாமல் இருந்திருக்கலாம்; ஆனால் எதையாவது பேசாவிட்டால் அவரும் உடைந்துவிடுவார் போலிருந்தது. "அவன் வந்த வாரம்தான் எல்லாம் திரும்புச்சு. நாம கவனிக்கலை."

"நீங்க வீட்டுக்குப் போங்க ஆர்வில்."

"நானும்தானே சிரிச்சேன், பெர்னடீன். எலி செத்துக் கிடக்குன்னு சொல்லிட்டுச் சிரிச்சேனே."

அவர் போகவில்லை.

லூஷன் பிழைத்தான். காய்ச்சல் இறங்க ஒரு வாரம் ஆயிற்று. வெட்டிய இடம் ஆற இன்னும் நாளாயிற்று. ஆகஸ்டில் அவனை வேறு அறைக்கு மாற்றினார்கள். அங்கிருந்து பார்த்தால் ஏரி தெரிந்தது. நாரைகள் விடாமல் ஜெயித்துக்கொண்டிருந்தார்கள். பெர்னடீன் தினமும் வந்தாள். சூப் கொண்டுவந்தாள், முகம் மழித்துவிட்டாள், ஜன்னல் திரையைச் சரிசெய்தாள். ஒரு நாளும் ஆட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. வீட்டில் ரேடியோவின் கம்பியைப் பிடுங்கிவிட்டிருந்தாள்.

ஒரு மாலை அவள் வந்தபோது லூஷன் மடியில் ஒரு ரேடியோ இருந்தது. ஆர்வில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

"வெல்ஸ்பர்க்கோட ஆட்டம். இன்னைக்கு ஜெயிச்சா முதலிடம் நிச்சயமாயிடுமாம்" என்றான்.

"வேண்டாம் லூ."

"ஏன் வேண்டாம்? காலைக் கொடுத்திருக்கேன். முடிவு தெரிய வேண்டாமா?"

வேடிக்கையாகச் சொல்ல நினைத்துத்தான் சொன்னான். அவள் சூப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். உட்காரவில்லை.

"சனிக்கிழமை நான் பார்த்தேன்" என்றாள்.

"என்னத்த?"

"காலுறையில கறை. குதிகால்ல. ஈரமா இருந்துது. பார்த்துட்டு ஒண்ணும் சொல்லலை. ஒரு ஆட்டம் போகட்டும்னு நினைச்சேன். அப்புறம் மழை வந்துது."

லூஷன் ரேடியோவின் திருகைத் திருப்பவில்லை. விரலால் சும்மா தடவிக்கொண்டிருந்தான்.

"நீ பார்த்ததை நானும் பார்த்தேன்" என்றான்.

அவள் புரியாமல் நின்றாள்.

"தட்டை எடுக்கக் குனிஞ்ச. கொஞ்ச நேரம் நிமிரலை. எனக்கு வெள்ளிக்கிழமையே தெரியும், பெர்னி. கால்ல தெரியாது. பூட்ஸைக் கழட்டினப்ப ஈரம் கையில பட்டுது. நாத்தமும் வேற மாதிரி இருந்துது. பட்டறையில ஒருத்தனுக்கு விரல் அழுகி பார்த்திருக்கேன். எனக்கென்ன தெரியாதா?"

"அப்ப ஏண்டா சொல்லலை?"

"காலையில நீ பாட்டுப் பாடிக்கிட்டு முட்டை பொரிச்ச. அதைக் கேட்டுக்கிட்டுப் படுத்திருப்பேன். நான் வாயைத் திறந்தா அது நின்னு போயிடும்னு தெரியும். அது என் தப்பு. அதை உன் தலையில போடலை. ஆனா நீ குனிஞ்சு பார்த்தே பாரு, அப்ப நினைச்சேன், சரி, இப்ப சொல்லிடுவா. கழட்டுடா முட்டாள்னு சொல்லிடுவா. அதுக்காக உட்கார்ந்திருந்தேன். நீ பல் விளக்கிட்டுப் படுன்னு சொன்ன."

பெர்னடீன் கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டாள்.

"உன்னைத் திட்டலை" என்றான் லூஷன். குரலில் கோபம் இல்லைதான். "திட்டறதுக்கு என்கிட்ட ஒண்ணும் இல்லை. எனக்கு அக்கான்னு நீதான் இருக்க, உனக்கு நான்தான் இருக்கேன், அது மாறப்போறதில்லை. ஆனா பொய் சொல்ல முடியாது. படுத்திருக்கும்போது அதுதான் திரும்பத் திரும்ப வருது. நீ குனிஞ்சது. அப்புறம் நிமிர்ந்தது."

"நான் என்ன செய்யணும், சொல்லு."

"ஒண்ணும் செய்ய வேண்டாம். ஆட்டம் ஆரம்பிக்கப் போகுது. இன்னைக்கு நான் தனியா கேக்கறேன். நீ பக்கத்துல உட்கார்ந்தா நான் உன் மூஞ்சியைத்தான் பார்த்துக்கிட்டு இருப்பேன். வழக்கமாயிடுச்சு. இன்னைக்கு அது முடியலை."

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டாள். சூப்பை ஆறுவதற்குள் குடிக்கச் சொல்ல வாய் வரை வந்தது, சொல்லவில்லை. கதவை முழுதாகச் சாத்தாமல் வெளியே வந்தாள்.

தாழ்வாரத்தில் சுவரோரமாக ஒரு பெஞ்சு இருந்தது. வீட்டுக்குப் போகத்தான் நினைத்தாள். கால் போகவில்லை; உட்கார்ந்தாள். உள்ளே ரேடியோக்காரரின் குரல் எழுந்தது. சொல் எதுவும் பிடிபடவில்லை. குரல் ஏறுவதும் இறங்குவதும் மட்டும் கேட்டது. கூட்டம் ஒரு முறை இரைந்தது. நல்லதற்கா கெட்டதற்கா என்று தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் முதல் முறையாக, எதற்காக இருந்தாலும் சரி என்று அவளுக்குத் தோன்றியது. அவள் காதில் விழவேண்டியிருந்தது அது இல்லை. லூஷன் அழுகிறானா என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அழுகிற சத்தம் வரவில்லை. வெகு நேரம் ஒன்றுமே வரவில்லை. பிறகு அவன் குரல், யாரையும் கூப்பிடாத மாதிரி, சாதாரணமாக:

"ஹாஸ்கின்ஸ் அவுட்."

தனக்குத்தானே பேசிக்கொள்கிற பழக்கம் லூஷனுக்கு என்றைக்கும் கிடையாது. ஆட்டம் கேட்கும்போது வாயை மூடு என்று அவள் திட்டுவதே, அவன் ஆட்டத்தை விட்டுவிட்டு வேறெதையாவது பேசுவான் என்பதற்காகத்தான்.

கொஞ்சம் பொறுத்து மறுபடியும்: "ரெண்டு பேர் அவுட். ரோமுலோ வர்றான். மூணாம் தளத்துல ஆள் நிக்கறான்."

அவள் எழுந்திருக்கவில்லை. கதவுப் பக்கம் திரும்பவும் இல்லை. கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு நேரே எதிர்ச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த நர்ஸ் நின்றாள். "உங்க தம்பி ரூம்தானே? உள்ள போய் உட்காருங்களேன். இங்க ஏன் தனியா உட்கார்ந்திருக்கீங்க?"

"இல்லைம்மா. இங்கயே கேக்குது" என்றாள் பெர்னடீன்.